ரெசனேட்டரா, கிரிஸ்டலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோகன்ட்ரோலர் சர்க்யூட் போடுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ரெசனேட்டர், கிரிஸ்டல் இரண்டுமே மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் சிப்புக்கு க்ளாக், அதாவது சீரான துடிப்பு, தரும் பாகங்கள். ரெசனேட்டர் மட்டம், கிரிஸ்டல் உசத்தி என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் க்ளாக் யாரோடு ஒத்துப்போக வேண்டும்? தன்னோடு மட்டுமா, கம்பியின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சிப்போடா, சுவர்க் கடிகாரத்தோடா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது? அப்புறம் என்ன வித்தியாசம்?

ஒரே வேலைதான். இரண்டுமே மின்னழுத்தம் கொடுத்தால் நெளியும், நெளிந்தால் மின்னழுத்தம் தரும் பொருட்கள். நெளிந்தால் மின்னழுத்தம் வருவதை 1880-ல் க்யூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். வேறுபாடு பொருளில் இருக்கிறது. கிரிஸ்டலில் இருப்பது குவார்ட்ஸ், அதாவது ஒரே படிகமாக வளர்ந்த சிலிக்கா. ரெசனேட்டரில் இருப்பது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்து சுட்டெடுத்த பீங்கான்.

பழைய கிரிஸ்டல் ஒன்றின் தகர மூடியை ஓரத்தில் அராவித் திறந்து பாருங்கள். கண்ணாடி போன்ற வட்டத் தகடு ஒன்று, நடுவில் உலோகப் பூச்சோடு, இரண்டு மெல்லிய கம்பிகள் தாங்க நின்றுகொண்டிருக்கும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் அந்தத் தகட்டின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். தடிமன் குறையக் குறைய அதிர்வெண் ஏறும். ஒருமுறை அதிர ஆரம்பித்தால் அந்த அதிர்வு லேசில் அடங்காது. இதை அளக்கும் க்யூ மதிப்பு குவார்ட்ஸுக்குப் பல பத்தாயிரங்களில் இருக்கும், பீங்கானுக்கு நூறுகளில்தான். கீழே வரும் வித்தியாசங்களில் பாதிக்குமேல் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

டேட்டாஷீட்ல ஒண்ணுக்கு 0.5%னு போட்டிருக்கு, இன்னொண்ணுக்கு 30 பிபிஎம்னு போட்டிருக்கு. எப்படி ஒப்பிடறது?

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. 1% என்பது 10,000 பிபிஎம். ஆகவே 0.5% ரெசனேட்டர் என்றால் 5,000 பிபிஎம். சாதாரணக் கிரிஸ்டல் 20 முதல் 50 பிபிஎம். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ரெசனேட்டரில் அந்த 0.5% தொடக்கப் பிழை மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். வெப்பநிலை மாற்றத்துக்கு ஏறக்குறைய 0.3%, பல வருடம் பழசாவதற்கு இன்னொரு 0.3% என்று தனித்தனி வரிகளாகப் போட்டிருப்பார்கள். மோசமான நிலையில் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் 1.1%. கணக்குப் போடும்போது இந்த 1.1%-ஐத்தான் எடுக்க வேண்டும்.

கையில இருக்கிறது எதுன்னு பார்த்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். பளபளக்கும் உலோகக் கூடு, இரண்டு கால் என்றால் கிரிஸ்டல். நீலம், ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறப் பூச்சோடு மூன்று கால் என்றால் ரெசனேட்டர். இரண்டு கால் ரெசனேட்டரும் உண்டு. மேற்பரப்பில் ஒட்டும் வகையில் குழப்பம் வரும். அங்கே மேலே உள்ள எழுத்துகளை நம்பாமல் பார்ட் நம்பரை டேட்டாஷீட்டோடு ஒப்பிடுவது நல்லது. நான்கு கால் உலோகக் கூடாக இருந்தால் அது தானே துடிப்பை உருவாக்கித் தரும் முழு ஆசிலேட்டராகவும் இருக்கலாம். அதற்குச் சப்ளை கொடுக்க வேண்டும்.

ரெசனேட்டருக்கு மட்டும் ஏன் மூணு கால்?

கிரிஸ்டலின் இரண்டு பக்கமும் தரைக்கு ஒவ்வொரு கெப்பாசிட்டர் போடுகிறோம் அல்லவா, அந்த இரண்டும் இதற்குள்ளேயே இருக்கின்றன. நடுக்கால் அவற்றின் பொதுத் தரை. ஓரக்கால்கள் இரண்டையும் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் மதிப்பு 15, 30, 47 பிக்கோஃபாரட் என்று மாடலுக்கு மாடல் மாறும்.

சீரியல் போர்ட்டுக்கு ரெசனேட்டர் போதுமா? சிலர் கண்டிப்பா கிரிஸ்டல்தான் வேணும்ங்கிறாங்களே.

போதும். காரணம், எழுத்துகளைப் பிட் பிட்டாக அனுப்பும் இந்த சீரியல் ஓடும் முறை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஸ்டார்ட் பிட்டோடு தொடங்குகிறது. வாங்கும் பக்கம் அங்கிருந்து புதிதாக எண்ண ஆரம்பிக்கிறது. போன எழுத்தில் சேர்ந்த பிழை இதற்கு வருவதில்லை. கடைசியாகப் படிப்பது ஸ்டாப் பிட்டின் நடுவை, அதாவது தொடக்கத்திலிருந்து 9.5 பிட் தூரத்தில். அங்கே அரை பிட் நகர்ந்தால்தான் தவறாகப் படிக்கும். 0.5-ஐ 9.5-ஆல் வகுத்தால் சுமார் 5.3%. இது இரண்டு முனைகளின் வேறுபாட்டுக்கான உச்ச எல்லை. சாம்பிள் எடுக்கும் நுணுக்கக் குறைவையும் சேர்த்து, ஒரு முனைக்கு 2%-க்குள் வைத்தால் நிம்மதி.

மேலே சொன்ன 1.1% ரெசனேட்டர் இரண்டு முனையிலும், எதிரெதிர்ப் பக்கமாக விலகினாலும் 2.2%தான். 9.5 பிட் முடிவில் கால் பிட்கூட நகராது.

நான் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலே போட்டேன். 8051-ல 9600 வேகத்துக்குக் குப்பையா வருது. கிரிஸ்டல் கெட்டுப்போச்சா?

கிரிஸ்டல் நன்றாகத்தான் இருக்கிறது. அது துல்லியமாக ஓடினாலும் தவறான எண்ணில் ஓடுகிறது. கணக்கைப் பாருங்கள். பழைய 8051 மைக்ரோகன்ட்ரோலர் க்ளாக்கை 12-ஆல் வகுத்து டைமருக்குத் தருகிறது, பிறகு 32-ஆல் வகுக்கிறது. 12 மெகாஹெர்ட்ஸ் அப்போது 31,250 ஆகிறது. அதை நமக்கு வேண்டிய வேகமான நொடிக்கு 9600 பிட்டால் வகுத்தால் 3.255. டைமர் முழு எண்ணைத்தான் ஏற்கும், 3 போட்டால் கிடைப்பது 10,417. பிழை 8.5%. வேகத்தை இரட்டிப்பாக்கும் பிட்டைப் போட்டு 7 கொடுத்தாலும் 7% பிழை நிற்கிறது.

இதற்காகத்தான் 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விசித்திரமான எண் கடைகளில் கிடைக்கிறது. அதே வகுத்தலில் அது 28,800 ஆகும். மூன்றால் வகுத்தால் சரியாக 9600. இந்த இடத்தில் 11.0592 ரெசனேட்டர் ஒன்று 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைத் தாராளமாக வென்றுவிடும். துல்லியத்துக்கு முன்னால் எண் சரியாக இருக்க வேண்டும். 12 மெகாஹெர்ட்ஸையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வேகத்தை 2400-க்கு இறக்குங்கள்; 13-ஆல் வகுபட்டு 0.16% பிழையில் நிற்கும்.

இதே சிக்கல் ஏவிஆர் என்ற மைக்ரோகன்ட்ரோலர் வகையின் 16 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் 115200 வேகத்தில் வருகிறது. இரட்டை வேக முறையிலும் வகுத்தல் பிழை மட்டுமே 2.1%. ரெசனேட்டரின் பிழை அதே பக்கம் சேர்ந்தால் 3% தாண்டும். அங்கே நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

யூஎஸ்பிக்கு எது?

யூஎஸ்பியில் வேகத்துக்கு ஒரு விதி. 1.5 மெகாபிட் லோ ஸ்பீடுக்கு ±1.5% வரை அனுமதி உண்டு, சாதாரண ரெசனேட்டர் உள்ளே வந்துவிடும். 12 மெகாபிட் ஃபுல் ஸ்பீடுக்கு ±0.25%, சாதாரண ரெசனேட்டர் வெளியே போய்விடும். 480 மெகாபிட் ஹை ஸ்பீடுக்கு ±500 பிபிஎம், அங்கே கிரிஸ்டல்தான். ஃபுல் ஸ்பீடுக்கென்றே இறுக்கமான துல்லியத்தோடு செய்யப்பட்ட ரெசனேட்டர்களும் இருக்கின்றன. ஆனால் அதைப் பார்த்து வாங்க வேண்டும், பெட்டியில் கிடந்ததை எடுத்துப் போடக் கூடாது.

ஆர்டுயினோ ஊனோவின் மூன்றாம் பதிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், பாடமே அதில் இருக்கிறது. யூஎஸ்பியைக் கவனிக்கும் சின்ன சிப்புக்கு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். நம் புரோகிராம் ஓடும் பெரிய சிப்புக்கு அதே 16 மெகாஹெர்ட்ஸில் ரெசனேட்டர். ஒரே போர்டு, ஒரே அதிர்வெண், இரண்டு வெவ்வேறு தேவை. வடிவமைத்தவர்கள் யோசித்துச் செய்த வேலை இது.

கேன் பஸ்ல ஏன் எல்லாரும் கிரிஸ்டல்னு அடம் பிடிக்கிறாங்க?

கேன் என்பது வாகனங்களில் பல சிப்புகள் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும் முறை. சீரியல் போல எட்டு பிட்டுக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும் வசதி கேனில் இல்லை. ஒரு செய்தி நூறு பிட்டுக்கு மேல் நீளும். நடுவில் கிடைக்கும் விளிம்புகளை, அதாவது சிக்னல் மாறும் இடங்களை, வைத்துத்தான் முனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரி பிட்டுகள் தொடர்ந்தால் நடுவே எதிர் பிட் ஒன்றைச் செருகும் பிட் ஸ்டஃபிங் இருப்பதால் விளிம்புகள் வந்துகொண்டிருக்கும், இருந்தாலும் இரண்டு விளிம்புகளுக்கு இடையே பத்து பிட் வரை போகலாம். போஷ் நிறுவனத்தின் கேன் 2.0 விவரக்குறிப்பே 125 கிலோபிட் வரை ரெசனேட்டர் பயன்படுத்தலாம், பஸ்ஸின் முழு வேகத்துக்கும் கிரிஸ்டல் வேண்டும் என்ற தோராய விதியைத் தருகிறது. இன்னொன்று: பஸ்ஸில் ஒரு முனை சொதப்பினால் மற்ற எல்லோருடைய செய்தியும் கெடும். பத்துப் பேர் பேசும் கம்பியில் நான் ரெசனேட்டர் போட மாட்டேன்.

ஈதர்நெட், புளூடூத் மாதிரி விஷயங்களுக்கு?

கிரிஸ்டல். யோசிக்கவே வேண்டாம். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு ±50 பிபிஎம், குறைந்த மின்சார புளூடூத் பேசும்போது அதே ±50 பிபிஎம். ஜிபிஎஸ் ரிசீவரில் வெப்பநிலையால் வரும் விலகலைத் திருத்தும் ஆசிலேட்டரே போடுகிறார்கள்.

அப்படின்னா ரெசனேட்டர் எங்கதான் நல்லது?

யாரோடும் நேரத்தை ஒப்பிடாத இடங்களில். மோட்டாரை ஓட்டுவது, பட்டனைப் படிப்பது, டிஸ்ப்ளேயில் எண் காட்டுவது, மெதுவான சீரியல். அகச்சிவப்பு ரிமோட்டுகள் நல்ல உதாரணம். பழைய ரிமோட் ஒன்றைத் திறந்தால் 455 கிலோஹெர்ட்ஸ் ரெசனேட்டர் பல நேரம் கண்ணில் படும். அதை 12-ஆல் வகுத்தால் 37.9 கிலோஹெர்ட்ஸ். எதிர்ப்பக்க ரிசீவர் 38-ஐ எதிர்பார்க்கிறது, அதன் வடிகட்டி அகலமானது. ரிமோட் கீழே விழுந்துகொண்டேயிருக்கும் பொருள் வேறு. அடி தாங்குவதில் ரெசனேட்டர் கெட்டிக்காரன்.

டிஜிட்டல் கடிகாரம் செய்யறேன். 0.5%தானே, சாஃப்ட்வேர்ல பார்த்துக்கலாமா?

ஒரு நாளைக்கு 86,400 நொடி. அதில் 0.5% என்பது 432 நொடி, ஏழு நிமிடத்துக்கு மேல். தரவுப் பதிவுக் கருவிகள் இரண்டை ரெசனேட்டரில் ஓட்டினேன். இரண்டு கருவிகளின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரே நிகழ்வு மூன்றாம் நாளில் பத்து நிமிட இடைவெளியில் பதிவாகியிருந்தது. அந்த மூன்று நாள் பதிவையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. கருவிகள் இரண்டுமே டேட்டாஷீட் சொன்னபடிதான் ஓடியிருந்தன.

நிலையான விலகலை சாஃப்ட்வேரில் திருத்தலாம். இது 3,000 பிபிஎம் வேகமாக ஓடுகிறது என்று அளந்து வைத்தால் அதைக் கழித்துவிடலாம். ஆனால் மதிய வெயிலில் ஒன்று, விடியற்காலையில் ஒன்று என்று மாறுவதை ஓர் எண்ணால் பிடிக்க முடியாது. ரெசனேட்டர் வெப்பத்தில் 0.1% மட்டும் நகர்ந்தாலும் நாளுக்கு 86 நொடி. கடிகாரம் என்றால் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல்.

அந்த 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் மாசத்துக்கு ஒரு நிமிஷம் தப்பா போகுதே?

போகும். 20 பிபிஎம் என்றால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி. 32,768 என்பது 2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், அதனால்தான் அந்த எண்.

இந்தக் கிரிஸ்டல் இசைக்கவை போன்ற வடிவம் கொண்டது. 25 டிகிரி செல்சியஸில்தான் உச்ச வேகம். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும், ஒருபோதும் வேகமாகாது. அளவு, விலகிய டிகிரியின் வர்க்கத்தை சுமார் 0.035-ஆல் பெருக்கியது. 45 டிகிரியில் 20-இன் வர்க்கம் 400, அதாவது 14 பிபிஎம் மெதுவாக. 5 டிகிரியிலும் அதே 14. இதைத் தாங்க முடியாத வேலை என்றால் வெப்பத்திருத்தம் உள்ளேயே இருக்கும் டிஎஸ்3231 போன்ற சிப் எடுங்கள். 0 முதல் 40 டிகிரி வரை ±2 பிபிஎம், வருடத்துக்கே ஒரு நிமிடம்தான்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சின்னக் கிரிஸ்டலுக்கு ஒரு மைக்ரோவாட் அளவு சக்தியே அதிகம். வேகக் கிரிஸ்டலுக்கான ஆசிலேட்டர் பின்னில் இதை மாட்டாதீர்கள்.

கிரிஸ்டல்னா 22 பிக்கோஃபாரட் ரெண்டு. எல்லாத்துக்கும் அதுதானே?

எல்லாவற்றுக்கும் அல்ல. கிரிஸ்டல் டேட்டாஷீட்டில் லோடு கெப்பாசிட்டன்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அந்தச் சுமை கிடைத்தால்தான் மேலே அச்சிட்ட அதிர்வெண்ணில் ஓடும். இரண்டு கெப்பாசிட்டரும் கிரிஸ்டலுக்குத் தொடராகத் தெரிவதால், சம மதிப்பென்றால் பாதியாகும். அதோடு சிப்பின் பின்னும் போர்டின் தடமும் தரும் 4, 5 பிக்கோஃபாரட்டைச் சேர்க்க வேண்டும். 18 பிக்கோஃபாரட் சுமை கேட்டால், 18-லிருந்து 5-ஐக் கழித்து இரட்டிப்பாக்குங்கள்: 26. கடையில் 27 கிடைக்கும், அதைப் போடுங்கள்.

தேவைக்குக் குறைவாகப் போட்டால் கொஞ்சம் வேகமாக ஓடும், கூடுதலாகப் போட்டால் மெதுவாகும், மிக அதிகமானால் கிளம்பவே கிளம்பாது. சில பத்து பிபிஎம் விலகல் மைக்ரோகன்ட்ரோலருக்குத் தெரியாது. கடிகாரத்திலும் ரேடியோவிலும் நன்றாகவே தெரியும்.

கிரிஸ்டல் இருந்த இடத்துல ரெசனேட்டர் போடலாமா? திருப்பியும் போடலாமா?

போடலாம், கெப்பாசிட்டரைக் கவனித்தால். கிரிஸ்டலைக் கழற்றி மூன்று கால் ரெசனேட்டர் வைக்கும்போது வெளியே இருக்கும் இரண்டு கெப்பாசிட்டரையும் எடுத்துவிடுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். உள்ளே 30, வெளியே 22 என்று இரண்டும் சேர்ந்து 52 ஆகிவிடும். குவார்ட்ஸை விடப் பீங்கானைக் கெப்பாசிட்டர் பல மடங்கு எளிதாக இழுத்துவிடும் என்பதால் அதிர்வெண் கணிசமாக இறங்கும். திருப்பிச் செய்யும்போது நடு ஓட்டையைக் காலியாக விட்டு, ஓரத்தில் கிரிஸ்டலும் மேலே சொன்ன கணக்குப்படி கெப்பாசிட்டரும். ஏவிஆர் போன்ற சிப்புகளில் ஸ்டார்ட்-அப் நேரத்துக்கான ஃப்யூஸையும் (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட்டுகள்) கிரிஸ்டலுக்கு மாற்ற வேண்டும்.

பேட்டரியில தூங்கித் தூங்கி எழும் கருவிக்கு எது?

க்யூ அதிகம் என்றால் அடங்க நேரமாகும் என்றேன், கிளம்பவும் அதேபோல் நேரமாகும். ரெசனேட்டர் ஒரு மில்லிநொடிக்குள் தயார். மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குச் சில மில்லிநொடிகள். கடிகாரக் கிரிஸ்டலுக்கு அரை நொடி, ஒரு நொடிகூட ஆகலாம். இரண்டு மில்லிநொடி வேலைக்காக எழும் கருவி, கிரிஸ்டல் நிலைபெற நான்கு மில்லிநொடி காத்திருந்தால் பேட்டரி காத்திருப்பிலேயே தீரும். நான் செய்வது: கடிகாரக் கிரிஸ்டலை அணைக்காமல் ஓடவிட்டு, வேலைக்கு சிப்பின் உள் ஆசிலேட்டரையோ ரெசனேட்டரையோ எழுப்புவேன்.

சிப்புக்குள்ளேயே ஆசிலேட்டர் இருக்கே, ரெண்டுமே எதுக்கு?

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் தன்னோடு மட்டும் ஒத்துப்போகச் செய்யும் சர்க்யூட்டுக்கு உள்ளே இருப்பதே போதும். ஆனால் டேட்டாஷீட்டைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஏடிமெகா328பி சிப்பின் உள் ஆசிலேட்டருக்குத் தொழிற்சாலைத் துல்லியம் ±10%தான். சீரியல் கணக்கோடு இதை ஒப்பிட்டாலே தெரியும். புதிய சிப்புகள் பல 1, 2%-க்குள் நிற்கின்றன. யூஎஸ்பியில் கம்ப்யூட்டர் அனுப்பும் துடிப்பைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சிப்புகளும் உண்டு.

ஆசிலோஸ்கோப் வெச்சா நின்னுடுது. எடுத்தா ஓடுது. என்ன மர்மம்?

ஆசிலோஸ்கோப்பின் அளவுமுனையான ப்ரோபே ஒரு கெப்பாசிட்டர். பத்து மடங்கு நிலையிலும் பத்து, பதினைந்து பிக்கோஃபாரட் இருக்கும். லோடு பற்றிச் சொன்னதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். நின்றிருப்பது ப்ரோப் பட்டதும் ஓட ஆரம்பிப்பதும் உண்டு. பின்னைத் தொடாமல், சிப்பிலேயே க்ளாக்கை வெளியே தரும் பின் இருந்தால் அதில் அளந்து பாருங்கள். இல்லையென்றால் டைமரால் ஒரு பின்னை மாற்றி மாற்றி இயக்கி அதை அளந்து பாருங்கள்.

48 மெகாஹெர்ட்ஸ்னு எழுதியிருக்கு. 16-ல ஓடுது. போலியா?

போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். உயர் அதிர்வெண்ணுக்குத் தகடு மிக மெல்லியதாக வேண்டும், எளிதில் உடையும். அதனால் சில கிரிஸ்டல்களை மூன்றாம் ஓவர்டோனில், அதாவது அடிப்படை அதிர்வெண்ணைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கில், பயன்படுத்துவதற்காகச் செய்து, அந்த எண்ணையே மேலே அச்சிடுகிறார்கள். சாதாரண சர்க்யூட்டில் அது அடிப்படை அதிர்வெண்ணான மூன்றில் ஒரு பங்கில் கிளம்பிவிடும். டேட்டாஷீட்டில் ஃபண்டமென்டல் என்று போட்டதை வாங்குங்கள்.

மேசையில நல்லா ஓடுது. குளிர்ல வெச்சா சில போர்டு மட்டும் கிளம்பல. எப்படி முன்னாடியே கண்டுபிடிக்கிறது?

ஆசிலேட்டருக்குத் தாங்கும் வலு எவ்வளவு மிச்சம் என்று அளந்து பாருங்கள். கிரிஸ்டலுக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சப்ளையை அணைத்துப் போட வேண்டும். ஓடிக்கொண்டிருப்பது ஓடும், கிளம்புவதுதான் கடினம். எந்த மதிப்பில் கிளம்ப மறுக்கிறதோ அதற்கு முந்தைய மதிப்போடு கிரிஸ்டலின் சொந்தத் தடையைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டல் டேட்டாஷீட்டில் ஈஎஸ்ஆர் என்று போட்டிருக்கும் சொந்தத் தடையின் உச்ச மதிப்பைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். வாகனங்களில் போகும் போர்டுக்குப் பத்து மடங்கு பார்ப்பார்கள்.

போதவில்லை என்றால் முதலில் கெப்பாசிட்டரைக் குறைக்க முடியுமா, தடங்கள் நீளமாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். சால்டர் ஃப்ளக்ஸ் மிச்சமும் ஈரமும் சேர்ந்து பின்களுக்கிடையே கசிவு உண்டாக்கும், அதைத் துடைத்துவிடுங்கள். துடைக்க அல்ட்ராசோனிக் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். அந்த அதிர்வு கடிகாரக் கிரிஸ்டலின் கவையை உடைத்துவிடக்கூடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.